மூன்று சூத்திரம் வேண்டாம், ஒன்று போதும்

அன்புள்ள மலர்,

டிரிப்ஸ் கணக்குக்கு மூன்று சூத்திரங்களை மனப்பாடம் செய்ததாகவும், வார்டில் நின்றதும் மூன்றும் குழம்பிப் போவதாகவும் நேற்று போனில் சொன்னாய். குரல் உடைந்திருந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன். இருப்பது ஒரே ஒரு சூத்திரம்தான், மலர்.

வேகம் = அளவு × 20 ÷ நேரம்.

வேகம் என்பது நிமிடத்துக்கு விழும் சொட்டுகள். அளவு மில்லிலிட்டரில், நேரம் நிமிடத்தில். ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டுக்கு, அதாவது டிரிப்ஸ் குழாய்க்கு, இந்த 20. 500 மில்லி சலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டுமானால் 10,000-ஐ 480-ஆல் வகுக்கிறாய், 20.8, அதாவது ஏறக்குறைய 21 சொட்டு. இதுவரை உனக்குத் தடுமாற்றம் இல்லை.

இப்போது சிஸ்டர், "நிமிடத்துக்கு 40 சொட்டு வைத்தால் இந்தப் பாட்டில் எப்போது தீரும்?" என்று கேட்கிறார். தெரியாதது நேரம், அது கீழே வகுத்துக்கொண்டு நிற்கிறது. இருபுறத்தையும் நேரத்தால் பெருக்கு: வேகம் × நேரம் = அளவு × 20. பிறகு இருபுறத்தையும் வேகத்தால் வகு: நேரம் = அளவு × 20 ÷ வேகம். 10,000-ஐ 40-ஆல் வகுத்தால் 250 நிமிடம், 4 மணி 10 நிமிடம். நீ மனப்பாடம் செய்த இரண்டாவது சூத்திரம் இதுதான். மூன்றாவதும் இப்படியே பிறக்கும்.

பள்ளியில் "பக்கம் மாறினால் குறி மாறும்" என்று சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அந்த வாய்ப்பாடு பிடிப்பதே இல்லை. கூட்டல், கழித்தலில் அது ஒத்துவரும். ஆனால் 3x = 12 என்றதும் 3-ஐ அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கழித்து 9 என்று எழுதும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். 3 பெருக்கிக்கொண்டிருக்கிறது, வகுத்தால்தான் விலகும். எண் எதுவும் எங்கும் நகர்வதில்லை. இருபுறமும் ஒரே காரியத்தைச் செய்கிறோம், அதனால் சமம் கெடாமல் இருக்கிறது.

வரிசையும் முக்கியம். ஃபாரன்ஹீட் = 1.8 × செல்சியஸ் + 32 என்பதில் செல்சியஸை முதலில் பெருக்கி, பிறகு 32-ஐக் கூட்டியிருக்கிறார்கள். கடைசியாகப் போட்ட முடிச்சை முதலில் அவிழ்ப்பது போல, 32-ஐ முதலில் கழி, அப்புறம் 1.8-ஆல் வகு. 101.3 காய்ச்சல் என்றால் 69.3, பிறகு 38.5. அவசரத்தில் முதலில் வகுத்துவிட்டு 32-ஐக் கழித்தால் 24 சொச்சம் வரும். காய்ச்சலில் கிடப்பவருக்கு அந்த எண் பொருந்தாது என்று உனக்கே தெரியும்.

விடை வந்ததும் அதை முதல் சூத்திரத்தில் போட்டுப் பார். 250 நிமிடத்தைப் போட்டால் 40 திரும்ப வர வேண்டும். மருந்து விஷயம் என்பதால், அதன் பிறகும் சிஸ்டரிடம் ஒருமுறை காட்டிவிடு. கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

குழந்தைகள் வார்டில் மில்லிக்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட் இருக்கும். 100 மில்லி, நிமிடத்துக்கு 30 சொட்டு. எவ்வளவு நேரத்தில் முடியும்? சூத்திரத்தைத் திருப்பும் ஒவ்வொரு வரியையும் எழுதி, படம் எடுத்து அனுப்பு. இரவு எத்தனை மணியானாலும் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்.

அன்புடன்,
அப்பா