இணையவழிப் பட்டம்: பெயரை மட்டும் பார்த்தால் போதாது

ஆசிரியருக்கு,

'யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் பெற்றது' என்ற விளம்பர வரியை நம்பி இணையவழிப் பட்டப்படிப்பில் பணம் கட்டுவோர் கவனிக்க: பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருப்பது வேறு, குறிப்பிட்ட படிப்பை இணையவழியில் நடத்த அனுமதி இருப்பது வேறு. தொலைநிலைக் கல்விக்கு வாங்கிய அனுமதி இணையவழிக்குச் செல்லாது.

யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு (டிஇபி) இணையதளத்தில் கல்வியாண்டு வாரியாகப் பட்டியல் உள்ளது. அதில் நாம் சேரும் பருவத்தைத் திறந்து, படிப்பின் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். எம்.பி.ஏ. இருக்கும், அதே நிறுவனம் விளம்பரப்படுத்தும் எம்.சி.ஏ. இருக்காது. போன வருடப் பட்டியலைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் முகவர்களை நம்ப வேண்டாம்.

பொறியியல், மருத்துவம், செவிலியர், சட்டப் பட்டங்களையும் பி.எச்டி.யையும் இணையவழியில் தர அனுமதியே இல்லை. 2025 ஜூலை பருவத்திலிருந்து உளவியலும் இந்த வரிசையில் சேர்ந்துவிட்டது.

சேர்க்கைக்கு டிஇபி அடையாள எண் கட்டாயம். அதற்கு முதலில் ஏபிசி எண் (மாணவரின் கல்வி மதிப்பெண் அலகுகளைச் சேமிக்கும் 'அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்' கணக்கு எண்) வேண்டும். அது அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் இலவசமாகவே கிடைக்கும். இரண்டையும் மாணவரே எடுப்பது நல்லது. 'நாங்களே போட்டுத் தருகிறோம், ஓடிபி மட்டும் சொல்லுங்கள்' என்பவர் எந்தப் படிப்பில் பதிவார் என்பது அவருக்கே வெளிச்சம்.

கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளம் வழியாக மட்டுமே செலுத்தி, அதன் பெயரிலேயே ரசீது வாங்குங்கள். தேர்வு வீட்டிலிருந்தா, மையத்திலா என்பதை அதற்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடலாம்.

இப்படிக்கு,
கல்வி ஆலோசகர், மதுரை