சர்வர் எழுந்தது, டிஸ்க்குகள் எழவில்லை: பராமரிப்பு வேலை குறித்த புகார்

அனுப்புநர்: நிர்வாகி, சுங்க முகவர் அலுவலகம், போர்ட் லூயி, மொரீஷியஸ்
பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர், சென்னை

ஐயா,

எபேன் சைபர்சிட்டியில் எங்களுக்காக நீங்கள் நடத்தும் ஐந்து சர்வர் செஃப் கிளஸ்டரில் (கோப்புகளைப் பல சர்வர்களில் பிரதியெடுத்துச் சேமிக்கும் மென்பொருளில் இயங்கும் சர்வர் கூட்டத்தில்) தைப்பூசத்துக்கு முந்தைய இரவு பராமரிப்பு வேலை செய்தீர்கள். ஒரு நேரத்தில் ஒரு சர்வர்தான் நிறுத்தப்படும், சேவை தடைபடாது என்று அறிவிப்பில் இருந்தது. தடைபட்டது. விடியும் வரை.

எங்கள் ஆவணம் ஒவ்வொன்றுக்கும் மூன்று சர்வர்களில் மூன்று பிரதிகள் உண்டு. அவற்றில் குறைந்தது இரண்டு பிரதிகள் உயிரோடு இருந்தால்தான் செஃப் படிக்கவும் எழுதவும் விடும். ஒரு சர்வர் நின்றால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு நின்றால், அந்த இரண்டிலும் பிரதி உள்ள கோப்புகள் மட்டும் சிக்கிக்கொள்ளும். ஒரு கண்டெய்னரின் விலைப்பட்டியல் திறந்தது. அதே கண்டெய்னரின் கப்பல் ரசீது திறக்கவில்லை. பிழைச் செய்தியாவது வந்ததா என்றால் அதுவும் இல்லை. இத்தகைய நிலையில் செஃப் மறுப்பதில்லை, பேசாமல் காத்திருக்கும். எங்கள் இரவுப் பணியாளர் தன் கணினிதான் பழுது என்று நினைத்து வேறொன்றைத் தேடிப் போனார்.

எங்களுக்குத் தந்திருக்கும் கண்காணிப்புத் திரையில் காரணம் தெளிவாகவே தெரிந்தது. முதல் சர்வர் மறுதொடக்கம் ஆகிப் பிங்குக்கு, அதாவது சர்வர் வலையமைப்பில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனைக்கு, பதில் சொன்னது. அதன் டிஸ்க்குகளில் தரவைப் படித்து எழுதும் ஓஎஸ்டி சேவைகள் எதுவும் எழவில்லை. உங்கள் பொறியாளர் பிங்கை மட்டும் பார்த்துவிட்டு இரண்டாவது சர்வரை நிறுத்தியிருக்கிறார். எல்லாம் 'ஆக்டிவ்+கிளீன்' நிலைக்கு, அதாவது எல்லாப் பிரதிகளும் முழுமையாக இயங்கும் நிலைக்கு, திரும்பும் வரை அடுத்ததைத் தொடக்கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் வாரமே சொல்லித்தரும் பாடம். காலையில் வந்த மின்னஞ்சலோ "பராமரிப்பு வெற்றிகரமாக முடிந்தது" என்றது!

நேரத்தையும் சொல்ல வேண்டும். உங்கள் நள்ளிரவு 12 மணி எங்களுக்கு இரவு 10.30. துறைமுகம் அப்போது தூங்குவதில்லை. மறுநாள் காவடிக்கு இங்கே பொது விடுமுறை. தொழில்நுட்பம் தெரிந்த எங்கள் ஊழியர்கள் கோயிலில் இருந்தார்கள். தமிழ்நாட்டிலும் 2021 முதல் தைப்பூசம் அரசு விடுமுறைதான். நாள் தெரியவில்லை என்று நீங்கள் சொல்ல முடியாது.

எந்தச் சர்வர் எப்போது நின்றது, எப்போது எழுந்தது என்ற பதிவுகளுடன் எழுத்துமூலம் விளக்கம் தாருங்கள். அந்த மாத வாடகையில் ஒப்பந்தப்படி கழிவு தாருங்கள். இனி அறிவிப்புகளில் மொரீஷியஸ் நேரத்தையும் குறிப்பிடுங்கள்.

இவை நிதானமாக நடக்கலாம். ஒன்று மட்டும் காத்திருக்க முடியாது. நின்ற டிஸ்க்குகளைக் கிளஸ்டரிலிருந்து விலக்காதே என்று சொல்லும் 'நோஅவுட்' அமைப்பை வேலைக்காகப் போட்டுவிட்டு எடுக்க மறந்திருக்கிறீர்கள். திரையில் அந்த எச்சரிக்கை இன்னும் மஞ்சளாக நிற்கிறது. அது இருக்கும்வரை ஒரு சர்வர் செத்தாலும், வழக்கமான 10 நிமிடம் கடந்த பிறகும், இழந்த பிரதிகளைக் கிளஸ்டர் தானாக வேறிடத்தில் உருவாக்கிக்கொள்ளாது. இந்தக் கடிதம் கிடைத்ததும் அதை நீக்கிவிட்டு எங்களுக்குத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
நிர்வாகி