பத்து ரூபாய் டிக்கெட்டில் ஒரு பகல்

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்கினாலே டூர் விளம்பரங்கள் வரிசைகட்டி வருகின்றன. தலைக்கு இத்தனை ஆயிரம் என்று அவர்கள் போடும் கணக்கு, தஞ்சாவூரில் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்துப் பிழைக்கும் எனக்குக் கட்டுப்படியாகாது. அதற்காக நாங்கள் ஊர் சுற்றாமல் இல்லை. எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டிக்கொண்டு, கும்பகோணம் பக்கம் போகும் பாசஞ்சரில் ஏறிவிடுவோம்.

போன முறை மாமியார், நாத்தனார், கல்லூரியில் படிக்கும் என் மகள், நான் என நாலு பேரும் பசுபதிகோவிலில் இறங்கி, புள்ளமங்கை பிரம்மபுரீஸ்வரர் கோயிலுக்கு மெல்ல நடந்தோம். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கற்றளி, அதாவது முழுக்கக் கல்லால் கட்டிய கோயில். விமானத்தின் அடிப்பகுதியில் உள்ளங்கை அகலக் கல்லில் ராமாயணக் காட்சிகளைச் செதுக்கியிருக்கிறார்கள். நின்றுகொண்டு பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. குனிய வேண்டும், சில இடத்தில் தரையிலேயே உட்கார வேண்டும். அவ்வளவு சின்னக் கல்லில் யார் வில் பிடித்திருக்கிறார், யார் கைகூப்பி நிற்கிறார் என்று மகள் பாட்டிக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். வடக்குச் சுவரில் துர்க்கை. ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் மான். நாத்தனார் அந்த இடத்தை விட்டு நகரவேயில்லை. வேன் பிடித்துப் போயிருந்தால் அடுத்த கோயிலுக்கு நேரமாச்சு என்று அவசரப்படுத்தியிருப்பார்கள். நடை சாத்தியதும் வெளியே நிழல் பார்த்து உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரித்தோம். மாமியார் தன் கல்யாணக் கதையை முழுசாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

கொரோனாவுக்குப் பின் பாசஞ்சர் வண்டிகளை எக்ஸ்பிரஸ் கட்டணத்தில் ஓட்டினார்கள். குறைந்தபட்ச டிக்கெட்டே 30 ரூபாய். நாலு பேர் போய்வர 240. 2024 தொடக்கத்தில் அது மறுபடி 10 ரூபாயானது. இப்போது 80 போதும். மிச்சமாகும் நூற்று அறுபது ரூபாய் பெரிய தொகையா என்று கேட்பவர்கள் இருக்கலாம். எங்கள் வீட்டில் மாமியார் கூட வருவதா, வீட்டில் இருப்பதா என்பதை முடிவு செய்ததே அந்தப் பணம்தான்.

ஆகவே ரயில்வேக்கு என் வேண்டுகோள்: இந்தக் கட்டணத்தை இனி உயர்த்தாதீர்கள். பாசஞ்சரை எக்ஸ்பிரஸ் ஆக்கி, சின்ன ஊர் நிறுத்தங்களை எடுத்துவிடாதீர்கள். அப்புறம், அந்தச் சின்ன ஸ்டேஷன்களில் ஒரு குடிநீர்க் குழாயும், பூட்டிக் கிடக்காத ஒரு கழிப்பறையும் வேண்டும். கழிப்பறைக்குப் பயந்தே வயதான பெண்கள் வழியெல்லாம் தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள்.

– ஒரு வாசகி, தஞ்சாவூர்