கொல்லையில் ஒரு வீடு

அன்புள்ள சேகர்,

உன் மகளுக்கு வரன் அமைந்தது கேட்டு எங்களுக்கெல்லாம் ரொம்ப சந்தோஷம். தேதி குறித்ததும் சொல்லு, டிக்கெட் போட்டுவிடுகிறேன்.

இங்கே சான் ஹோசேயில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அம்மாவுக்கு ஒரு சின்ன வீடு எழும்புகிறது. ஏ.டி.யு. என்பார்கள், அதாவது இருக்கிற வீட்டு மனையிலேயே கூடுதலாகக் கட்டும் சின்னக் குடியிருப்பு. 740 சதுர அடி. 750க்குக் கீழே இருந்தால் ஊருக்குக் கட்டும் வளர்ச்சிக் கட்டணம் இல்லை, அதனால்தான் இந்தக் கணக்கு.

ஒரே மனையில் இரண்டு வீட்டுக்கு எப்படி அனுமதி தந்தார்கள் என்று கேட்டிருந்தாய். எல்லாம் மாநிலச் சட்டத்தின் தயவு. கலிபோர்னியாவில் இதற்கு 1982லேயே சட்டம் வந்தாயிற்று. ஆனால் மனை போதாது, கார் நிறுத்த இடம் எங்கே என்று ஏதாவது சொல்லி ஊர்கள் தட்டிக் கழித்தன. ஆரம்பத்தில், அனுமதி பற்றி ஊர் நடத்தும் கூட்டத்தில் அக்கம்பக்கத்தார் நாலு பேர் எழுந்து ஆட்சேபித்தால் அதோடு சரி. 2016இலிருந்து மாநிலம் ஒவ்வொரு முட்டுக்கட்டையாக எடுத்தது. 2020இல் அமலுக்கு வந்த சட்டங்கள்தான் பெரிய திருப்பம். மனை இவ்வளவு இருந்தாக வேண்டும் என்று கேட்கக் கூடாது. பக்கத்திலும் பின்னாலும் 4 அடி விட்டால் போதும். விண்ணப்பம் முழுமையாக இருந்தால் 60 நாளில் முடிவு சொல்லியாக வேண்டும். கூட்டமே கிடையாது, விதிப்படி இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி.

இது நூற்றுக்கு நூறு நியாயம் என்பேன். ஒரு தெருவில் யார் குடிவரலாம் என்பதை அங்கே முன்பே வீடு வாங்கியவர்கள் எப்படி முடிவு செய்யலாம்? இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்கள் இங்கே வாடகை கட்டுப்படியாகாமல் எங்கிருந்தோ காரோட்டி வருகிறார்கள்.

செலவுதான் கையைக் கடிக்கிறது. கழிவுநீர்க் குழாய்க்காக டிரைவ்வேயை உடைத்துத் தெருவரை பள்ளம் தோண்டினார்கள். வேலியோரம் விட்ட அந்த நாலடியில் ஆட்கள் ஜன்னல் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டாகத்தான் நடக்க முடிகிறது. சட்டம் அனுமதியைச் சுலபமாக்கும், கூலியையும் மரவிலையையும் குறைக்காது. வீட்டின் மேல் கடன் வாங்க முடிந்தவனுக்குத்தான் இது எட்டுகிறது என்பது எனக்கு உறுத்தல். இந்தச் சின்ன வீடுகளைத் தனியாக விற்கவும் 2024இல் சான் ஹோசே அனுமதித்தது, மாநிலத்திலேயே முதல் ஊராக. அந்த வழியிலாவது வேறு யாருக்காவது சொந்த வீடு அமையட்டும்.

அப்புறம், உங்கள் வீட்டு பாத்ரூமில் அப்பாவுக்காகக் கைப்பிடி வைத்தாயே, அது தரையிலிருந்து எவ்வளவு உயரம்? ஒரு போட்டோவும் எடுத்து அனுப்பு. டைல்ஸ் ஒட்டுவதற்குள் முடிவு செய்யவேண்டும்.

அன்புடன்,
ரவி