கோமுகத்துக்கு 150 பேர் போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

இமயமலையில் பனியாறு உருகிக் கங்கை பிறக்கும் இடமான கோமுகம் போக ஒரு நாளைக்கு 150 பேருக்குத்தான் அனுமதி என்பது பக்தர்களுக்குச் செய்யும் அநியாயம் என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய ஆதங்கம் புரிகிறது. ஆனால் கடந்த ஜூன் மாதம் அந்தப் பாதையில் நடந்துவிட்டு வந்த எனக்கு அந்த எண்ணிக்கையே அதிகமோ என்று தோன்றுகிறது.

"சமதளம் மாதிரிதான் சார், பேசிக்கிட்டே போயிடலாம்" என்று சொல்லித்தான் எங்கள் பயண ஏற்பாட்டாளர் அனுப்பிவைத்தார். நடை தொடங்கும் கோயில் ஊரான கங்கோத்ரியே சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து போஜ்பாசா 14 கிலோமீட்டர். அதற்கு மேல் இன்னும் 4 கிலோமீட்டர் போனால் கோமுகம். ஏற்றம் செங்குத்தாக இல்லைதான், மூச்சுதான் பிரச்சினை. ஏறத்தாழ 3,800 மீட்டரில் இருக்கும் போஜ்பாசாவில் காற்றழுத்தம் நம் கடற்கரை ஊர்களில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூடக் கிடையாது. நாங்கள் கங்கோத்ரியில் இரண்டு இரவு தங்கிவிட்டுத்தான் கிளம்பினோம். முதல் நாள் சாயங்காலம் வந்து இறங்கி, விடிந்ததும் நடக்கத் தொடங்கிய ஒரு குடும்பத்தை வழியில் பார்த்தோம். பெரியவர் தலையைப் பிடித்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருந்தார். வாந்தி வேறு. மேலே போகாமல் அவரைக் கீழே கூட்டிப் போனார்கள், நல்லவேளை.

இரண்டு கிலோமீட்டர் போனதும் வனத்துறைச் சோதனைச் சாவடி. காவலர் அனுமதிச் சீட்டைப் பார்த்தார். அப்புறம் எங்கள் பைகளைக் கவிழ்த்து பிஸ்கெட், முறுக்கு, கடலைமிட்டாய் என்று ஒவ்வொரு பாக்கெட்டாக எண்ணினார். மொத்தம் பதினொன்று. நோட்டில் எழுதி, முன்பணமும் வாங்கிக்கொண்டார். திரும்பும்போது பதினோரு உறையையும் காட்டினால்தான் பணம். என் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அதற்குப் பிறகு வலப்பக்கம் கீழே கங்கையின் தலையாறான பாகீரதி, எதிரே பாகீரதிச் சிகரங்கள். சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெளுத்த தண்ணீர். பனியாறு பாறையை அரைத்த மாவு அதில் கலந்திருப்பதால் வந்த நிறம் அது. ஒன்பதாவது கிலோமீட்டரில் இருக்கும் சீர்பாசா வரை பைன் மர நிழல் உண்டு. அதைத் தாண்டினால் மண்சரிவுப் பகுதி. வழிகாட்டி அங்கே எங்களை நிற்கவும் விடவில்லை, பேசவும் விடவில்லை. மேலே நீல ஆடுகள் என்ற இமயமலைக் காட்டாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் குளம்பு பட்டு உருண்ட ஒரு கல், தேங்காய் அளவு இருக்கும், எங்களுக்கு முன்னால் பாதையைக் கடந்து ஆற்றில் விழுந்தது. அந்த இடத்தில் ஐந்நூறு பேர் வரிசையில் நின்றால் என்ன ஆகும் என்று கடிதம் எழுதியவர் யோசிக்க வேண்டும். ஓடைகள் இன்னொரு தொல்லை. காலை பத்து மணிக்குச் செருப்பு நனையாமல் மரப்பலகையில் கடந்த ஓடையில், மூன்று மணிக்கு வந்தவர்களுக்குப் பலகைக்கு மேல் தண்ணீர் ஓடியதாம். வெயில் ஏற ஏறப் பனி உருகுகிறது.

போஜ்பாசா என்றால் போஜ மரங்கள் இருக்கும் இடம். அந்தக் காலத்தில் ஏடு எழுதப் பட்டை தந்த பூர்ஜ மரம்தான் அது. போய்ப் பார்த்தால் மொட்டைப் பள்ளத்தாக்கு. வருகிறவர்களுக்குச் சமைக்கவும் குளிர்காயவும் வெட்டியதிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. எவரெஸ்ட் பயணக் குழுவில் இருந்த ஹர்ஷ்வந்தி பிஷ்ட் அம்மையார் 1990களில் அங்கே கன்று நட்டு, வேலி போட்டு வளர்க்கத் தொடங்கினார். அந்த உயரத்தில் ஒரு கன்று ஆள் உயரம் வரவே எத்தனையோ வருடம் பிடிக்கும்.

அனுமதிச் சீட்டுக்காக வயதானவர்களை அலையவிடக் கூடாது என்று அந்த வாசகர் சொன்னதை மட்டும் நானும் ஆமோதிக்கிறேன். மற்றபடி, கங்கைச் சொம்பில் தண்ணீர் எடுத்துவந்து ராமேஸ்வரத்தில் அபிஷேகம் செய்யத்தான் போகிறோம் என்பவர்கள் கங்கோத்ரி படித்துறையிலேயே எடுத்துக்கொள்ளலாம். அதே ஆறுதான். நாங்களும் அங்கேதான் எடுத்தோம்.

இறங்கும்போது சாவடியில் எண்ணினால் பத்து உறைதான் இருந்தது. காவலர் பேசாமல் நோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கால்மணி நேரம் பையைக் குடைந்த பிறகு, கடலைமிட்டாய்க் காகிதம் என் ஸ்வெட்டர் பையில் கிடைத்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
கும்பகோணம்