துக்க வீட்டில் ‘மறந்துவிடு’ என்று சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மியான்மரில் 2025 மார்ச் 28 அன்று வந்த நிலநடுக்கத்துக்கு அப்புறம் நம் ஆட்கள் துக்கம் கேட்கப் போகிற வீடுகளில் இரண்டு பேச்சுதான் காதில் விழுகிறது. ‘நடந்ததையே நினைக்காதே, மறந்துவிடு’ என்பது ஒன்று. ‘கஷ்டம்தான் மனுஷனை உயர்த்தும்’ என்பது இன்னொன்று. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், ஆனால் இரண்டுமே அந்த ஆளின் வாயை அடைத்துவிடுகின்றன.

2008 மே மாதம் நர்கிஸ் புயலில் என் தம்பி போய்விட்டான். அரிசி வியாபாரமாக ஐராவதி டெல்டாவில் இருக்கும் லபுத்தா ஊருக்குப் போனவன், உடம்புகூடக் கிடைக்கவில்லை. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாகச் சுமார் 1,38,000 பேர் என்று கணக்குச் சொன்னார்கள். அம்மா பல வருஷம் அவன் பெயரையே எடுக்கவில்லை, நாங்களும் எடுக்க விடவில்லை. ஆனால் காற்றில் கூரைத் தகரம் அடித்தால் போதும், நடு ராத்திரியிலும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

அப்புறம் ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா, ‘உங்க சின்னவன் எப்படிம்மா இருப்பான்?’ என்று சும்மா கேட்டார். அம்மா அன்றைக்குச் சாயங்காலம் வரை பேசினார், அழுதார், நடுவில் அவன் செய்த சேட்டையைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆளே மாறினார், தெருவில் யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் போய் உட்காருகிறவர் இப்போது அவர்தான்.

அமெரிக்க உளவியலாளர்கள் டெடெஸ்கியும் கால்ஹூனும் பெரிய துயரத்துக்குப் பிறகு சிலரிடம் வரும் இந்த மன வளர்ச்சியை 1990களிலிருந்து ஆராய்ந்தவர்கள். அவர்கள் சொல்லும் உவமையே நிலநடுக்கம்தான். அதிர்ச்சி யாரையும் வளர்ப்பதில்லை; உறுதி என்று நம்பியிருந்தது இடிந்து விழுந்த பிறகு, அதை வைத்துக்கொண்டு மனம் படும் பாட்டில்தான் வளர்ச்சி வருகிறது என்கிறார்கள். தானாகப் புகுந்து குத்துகிற நினைப்பு வேறு, நாமாக உட்கார்ந்து ‘ஏன் இப்படி, இனி எப்படி வாழ்வது’ என்று யோசிப்பது வேறு, வளர்ச்சியோடு அதிகம் சேர்ந்து வருவது இரண்டாவதுதான். அதற்குக் காது கொடுக்க ஒரு ஆள் வேண்டும். வளர்ச்சி வந்தால் வலி போய்விடும் என்று அவர்கள் சொல்லவில்லை. அம்மா இன்றைக்கும் தகரச் சத்தத்துக்கு எழுந்திருக்கிறார். எல்லோருக்கும் வளர்ச்சி வரும் என்பதும் இல்லை, வராதவரிடம் ஒரு குறையும் இல்லை.

அதனால் கேட்கிறேன். உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால் போய், இறந்தவர் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். பேசப் பிடிக்கவில்லை என்றால் சரி, டீ குடித்துவிட்டு வாருங்கள், அடுத்த வாரம் மறுபடி போங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ரங்கூன்