மழைக்குள்ள பாத்ததுகள்

எல்லாருக்கும் வணக்கம், வெள்ளவத்தையில ரெண்டு நாளா ஒரே மழை, வெளிய இறங்கேலாது, அதால ஃபோல்ட்டி டவர்ஸ் எண்ட பழைய பிரிட்டிஷ் ஹோட்டல் பகிடி டிவி சீரியலை முழுக்கப் பாத்து முடிச்சிட்டன், முழுக்க எண்டாலும் மொத்தமே 12 எபிசோட்தான், 1975ல 6, 1979ல 6. கடைசி எபிசோட்ல அந்த வெயிட்டர் மனுவல் எலியை ஹாம்ஸ்டர் எண்டு நம்பி வளக்கிறான், அதுக்கு முதலாளின்ர பேரையே வச்சிருக்கிறான், ஹெல்த் இன்ஸ்பெக்டர் நிக்கேக்க எல்லாரும் அதைத் தேடி ஓடுற ஓட்டம்... எங்கட அம்மா இங்கிலீஷ் பெரிசா விளங்காமலே கண்ணில தண்ணி வர சிரிச்சவ.

எழுதின ஜோன் கிளீஸும் கொனி பூத்தும் ரெண்டாவது சீசனுக்கு முதலே டிவோர்ஸ் எடுத்திட்டினம், எண்டாலும் பகிடி ஒரு சொட்டும் குறையேல்ல.

இரவு கேம் ஒஃப் த்ரோன்ஸ் 8வது சீசன் 3வது எபிசோட் திரும்பப் போட்டன். 82 நிமிசம், இரவுச் சண்டை, ஒரே இருட்டு, லைட் எல்லாம் நிப்பாட்டியும் ஆர் ஆரை வெட்டினம் எண்டு தெரியேல்ல, பக்கத்து வீட்டு அன்ரி வந்து கரண்ட் போட்டுதோ எண்டு கேட்டவ 😂 டிராகன் நெருப்பு விடேக்க மட்டும் வெளிச்சம்.

முக்கியமான விசயம், இன்னும் பாக்காத ஆக்கள் குறூப்பில இருக்கினம், ஆர் சாகினம் எண்டு இங்க போடாதேங்கோ ப்ளீஸ்.